பெரியவர்களுக்கு லெகோ: கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் கிருஷ்ணகிரியில் இருக்கிறேன். வேலை ஓசூரில், பிளாஸ்டிக் பொருள்களுக்கு அச்சு செய்யும் ஒரு டூல் ரூமில். வீட்டில் ஒரு அறை முழுக்க லெகோ கட்டைகள், அதாவது ஒன்றோடொன்று பொருத்திக் கட்டும் பிளாஸ்டிக் பொம்மைக் கட்டைகள். வீட்டுக்கு வருகிறவர்கள், கூட வேலை செய்கிறவர்கள், பாலக்கோடு, ஊத்தங்கரை என்று அங்கங்கே இருந்து போன் செய்கிறவர்கள், எல்லாரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். ஒருதரம் எழுதி வைத்துவிட்டால் அடுத்தவருக்கு அப்படியே அனுப்பிவிடலாம்.

கீழே வரும் சொற்களுக்கு ஒரு சின்ன விளக்கம். கட்டையின் தலையில் இருக்கும் வட்டப் புடைப்பைக் குமிழ் என்கிறேன். உயரமான கட்டை பிரிக். அதில் மூன்றில் ஒரு பங்கு உயரம் உள்ளது பிளேட். குமிழ் இல்லாத வழவழப்பான பிளேட்டுக்கு டைல் என்று பெயர். 2×4 என்றால் அகலத்தில் இரண்டு குமிழ், நீளத்தில் நான்கு. ஒரு குறிப்பிட்ட உருவத்தைக் கட்டுவதற்கான பீஸ்களும் வழிகாட்டிப் புத்தகமும் சேர்ந்து வரும் பெட்டி செட்.

நாற்பது வயசுக்கு மேல பொம்மைக் கட்டை எதுக்கு?

பிடித்திருக்கிறது, அதனால்தான். நவராத்திரிக்குப் படி கட்டிப் பொம்மை அடுக்குவது பெரியவர்கள்தான். அதற்குப் பக்கத்தில் மணலைப் பரப்பிப் பூங்கா, குளம், ரயில் என்று அமைப்பதும் பெரியவர்கள்தான். அவர்களை யாரும் வயசு கேட்பதில்லை. லெகோ கம்பெனியே 2020-இல் இருந்து பெரியவர்களுக்கான செட்டுகளைக் கறுப்புப் பெட்டியில் 18+ என்று அச்சிட்டு விற்கிறது. அதற்கு மேலும் விளக்கம் கேட்கிறவருக்கு ஒரு காபி கொடுத்துப் பேச்சை மாற்றிவிடுங்கள்.

யார் கண்டுபிடித்தது? எப்போதிலிருந்து இருக்கிறது?

டென்மார்க்கில் பில்லுண்ட் என்ற சின்ன ஊர். ஓலே கிர்க் கிறிஸ்டியான்சென் என்ற தச்சர் 1932-இல் அங்கே மரப் பொம்மை செய்ய ஆரம்பித்தார். 1940-களின் பிற்பகுதியில் ஒரு பிளாஸ்டிக் மோல்டிங் மெஷின் வாங்கினார். 1949-இல் முதல் பிளாஸ்டிக் கட்டைகள் வந்தன. அந்த யோசனை முழுக்க அவருடையது இல்லை. இங்கிலாந்தில் ஹிலாரி பேஜ் என்பவர் ஏற்கெனவே அதேபோன்ற கட்டை செய்திருந்தார். ஆனால் இரண்டிலும் ஒரே தொல்லை: உள்ளே காலியாக இருந்ததால் பிடிப்பு இல்லை. அடுக்கலாம், தூக்கினால் கழன்றுவிடும்.

அதற்குத் தீர்வாகக் கட்டையின் அடியில் குழாய் வைக்கும் யோசனை வந்தது. 1958 ஜனவரி 28 அன்று அதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள். அந்த வருடத்துக் கட்டையை இன்றைக்குக் கடையில் வாங்கும் கட்டையோடு சேர்த்தால் இப்போதும் பொருந்தும். 1963-இல் ஏபிஎஸ் பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள். மஞ்சள் முகத்தோடு கை கால் அசைக்கும் குட்டி மனிதர், அதாவது மினிஃபிகர், 1978-இல் வந்தார்.

அது எப்படி அவ்வளவு கச்சிதமாகப் பிடிக்கிறது?

என் தொழில் இது என்பதால் கொஞ்சம் நீளமாகச் சொல்வேன். அவசரம் உள்ளவர்கள் அடுத்த கேள்விக்குப் போகலாம்.

2×4 பிரிக் ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். உள்ளே மூன்று குழாய்கள் இருக்கும். ஒரு குமிழின் நடுவிலிருந்து அடுத்த குமிழின் நடு வரை 8 மில்லிமீட்டர். குமிழின் விட்டம் 4.8 மில்லிமீட்டர். நான்கு குமிழ்கள் ஒரு சதுரமாக நின்றால் மூலைக்கு மூலை 8-ஐ இரண்டின் வர்க்கமூலத்தால் பெருக்கிய தூரம், 11.31. அதில் 4.8 கழித்தால் 6.51. குழாயின் வெளிவிட்டம் சரியாக அதுதான். ஆக, ஒவ்வொரு குமிழும் ஒரு பக்கம் குழாயையும் மறுபக்கம் சுவரையும் தொட்டுக்கொண்டு நிற்கிறது. பசை இல்லை, கொக்கி இல்லை, வெறும் உராய்வு மட்டுமே. ஏபிஎஸ் துளி விலகிக் கொடுத்து, உடனே பழைய அளவுக்குத் திரும்பிவிடும் பிளாஸ்டிக். அதனால்தான் ஆயிரம் தரம் பிரித்துக் கட்டினாலும் பிடி தளருவதில்லை.

இது நடக்க அச்சின் துல்லியம் சில மைக்ரான் அளவுக்குள் இருக்க வேண்டும். சுமார் 230 டிகிரியில் உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் போய், குளிர்ந்து, சுருங்கி வெளியே வரும். எவ்வளவு சுருங்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு அச்சை அந்த அளவுக்குப் பெரிதாக வெட்ட வேண்டும். ஓசூரில் இந்தத் தொழில் செய்கிற யாரிடமாவது ஒரு பிரிக்கைக் கையில் கொடுங்கள். கட்டி விளையாட மாட்டார்கள். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, குளிரும்போது பிளாஸ்டிக் சுருங்கி எந்த இடத்தில் குழி விழுந்திருக்கிறது என்று தேடுவார்கள்.

இன்னொரு அளவும் மனதில் இருக்கட்டும். 2×4 பிரிக்கின் நீளம் 32 இல்லை, 31.8 மில்லிமீட்டர். பக்கத்துக் கட்டையோடு உரசாமல் இருக்க ஒவ்வொரு பக்கமும் 0.1 விட்டிருக்கிறார்கள். நீளமாகச் சுவர் கட்டும்போது இந்த இடைவெளிதான் காப்பாற்றுகிறது.

வேற கம்பெனி கட்டை வாங்கலாமா? பாதி விலைக்குக் கிடைக்குதே.

வாங்கலாம். லெகோவின் அடிப்படைக் காப்புரிமை காலாவதியாகிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. அதே அளவில் கட்டை செய்வது தவறில்லை. ஆனால் லெகோவின் பெட்டிப் படத்தையும் செட் வடிவத்தையும் அப்படியே நகலெடுத்து, பெயரில் ஒரு எழுத்தை மட்டும் மாற்றி விற்பது வேறு கதை. நான் அதை வாங்குவதில்லை.

தரம் பெட்டிக்குப் பெட்டி மாறும். வாங்கியதும் இரண்டு சோதனை செய்யுங்கள். பத்துப் பிரிக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேல் கட்டையை மட்டும் பிடித்து உதறுங்கள். கீழே விழுந்தால் பிடி போதாது. அடுத்து, ஐந்து பிளேட்டுகளை அடுக்கி, இரண்டு குமிழ் அகலமுள்ள கட்டையோடு பக்கவாட்டில் வைத்து விரலால் தடவுங்கள். பிளேட் அடுக்கு 16 மில்லிமீட்டர், கட்டை 15.8 இருக்க வேண்டும். விரலில் அதைவிடப் பெரிய படி தட்டுப்பட்டால் அந்தக் கட்டையை அடித்தளத்துக்கும் மலைக்கு உள்ளே நிரப்புவதற்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வெளியே தெரியும் சுவருக்கு வேண்டாம்.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் ஐஎஸ்ஐ முத்திரையைப் பாருங்கள். 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் குழந்தைகள் பொம்மைகளுக்கு அது கட்டாயம். திருவிழாக் கடையில் பையில் கொட்டி எடை போட்டுத் தருவதில் பெரும்பாலும் இருக்காது.

ஏன் இவ்வளவு விலை?

அச்சுக்கு ஆகும் செலவு ஒரு காரணம், பெயருக்கு ஆகும் விலை இன்னொன்று. மூன்றாவது நம் ஊர்க் காரணம்: பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-இல் 70 ஆனது. உள்ளூர்த் தொழிலுக்கு அது நல்லதாக இருக்கலாம். ராணிப்பேட்டையில் ஃபன்ஸ்கூல் ஆலை இருக்கிறது, இன்னும் பல சிறிய ஆலைகள் இருக்கின்றன. வெளிநாட்டுச் செட் வாங்குகிறவர் பாக்கெட்டுக்குத்தான் அடி.

பெரிய செட்டுகளைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். ஐஃபெல் கோபுரம் 10,001 பீஸ், டைட்டானிக் 9,090 பீஸ். அவற்றின் விலையில் நம் பக்கம் ஒரு பழைய பைக் வாங்கிவிடலாம். 2008-இல் வந்து 2017-இல் மறுபடியும் விட்ட தாஜ்மகால் ஆறாயிரம் பீஸைத் தொடும். அதை வைத்திருப்பவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு, டீ குடித்துவிட்டு வருவதே எனக்குத் திருப்தி.

அப்போ முதலில் என்ன வாங்குவது?

செட் வேண்டாம், சாதாரணக் கட்டை வாங்குங்கள். ‘கிளாசிக்’ வரிசையில் 10698 என்ற எண்ணில் 790 பீஸ் உள்ள பெட்டி ஒன்று இருக்கிறது. 10696 என்றால் 484 பீஸ். இவற்றில் ஒன்று போதும். இந்த விஷயத்தில் என்னோடு ஒத்துப்போகாதவர்கள் நிறைய. ‘முதலில் ஒரு அழகான செட் கட்டினால்தானே ஆர்வம் வரும்’ என்பார்கள். வரும்தான். ஆனால் செட்டில் வழிகாட்டிப் புத்தகம் சொல்வதை அப்படியே செய்கிறோம். முடிந்ததும் அலமாரியில் ஏறிவிடுகிறது, யாருக்கும் அதைப் பிரிக்க மனசு வருவதில்லை. அடுத்தது கட்ட இன்னொரு செட் வாங்க வேண்டும். காசு போகும் வழி அதுதான்.

சாதாரணக் கட்டை அப்படி இல்லை. ஒரே நிறத்தில் ஆறே ஆறு 2×4 பிரிக்கை எத்தனை விதமாகச் சேர்க்கலாம் என்று டென்மார்க் கணிதவியலாளர் சோரன் ஐலர்ஸ் கணக்குப் போட்டிருக்கிறார். 91 கோடியே 51 லட்சத்து 3 ஆயிரத்து 765 விதம். 484 பீஸ் வாங்கிவிட்டு ‘கட்ட ஒன்றுமில்லை’ என்று சொல்ல யாருக்கும் வாய் வராது.

பெட்டி தீர்ந்த பிறகு உங்களுக்கு எது பற்றவில்லை என்று தெரிந்துவிடும். எனக்குச் சாம்பல் நிறம் எப்போதும் பற்றாது. கிருஷ்ணகிரியைக் கட்டுகிறவருக்குப் பாறை நிறம்தானே முதலில் தீரும்.

எங்கே வாங்குவது?

இணையக் கடைகள், இல்லையென்றால் பெங்களூரு. ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டர்தான், மால்களில் கிடைக்கும். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் பேன்சி ஸ்டோர்களில் சில நேரம் சிறிய பெட்டிகள் வரும், நம்பி உட்கார வேண்டாம்.

குறிப்பிட்ட ஒரு பீஸ் மட்டும் வேண்டும் என்றால் பிரிக்லிங்க் என்ற சந்தை இருக்கிறது. 2000-இல் ஒரு ரசிகர் தொடங்கியது, 2019-இல் லெகோவே வாங்கிவிட்டது. உலகம் முழுக்க இருந்து விற்பார்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் தபால் செலவும் வரியும் சேர்ந்து பீஸ் விலையைத் தாண்டிவிடும். நாலைந்து பேர் சேர்ந்து ஒரே ஆர்டராகப் போட்டால் கட்டுப்படியாகும்.

பழைய கட்டை வாங்கலாமா?

தாராளமாக. பெங்களூரில் அபார்ட்மெண்ட் மாறுகிறவர்கள், பிள்ளைகள் வளர்ந்துவிட்டவர்கள் பக்கெட் கணக்கில் விற்பார்கள். பழைய பொருள் விற்கும் ஆப்களில் வார இறுதியில் தேடுங்கள். படத்தில் குமிழ் மேலே எழுத்து தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். உண்மையான கட்டையில் ஒவ்வொரு குமிழிலும் லெகோ என்ற பெயர் பொறித்திருக்கும்.

வந்ததும் கழுவ வேண்டும். துணி துவைக்கும் வலைப் பையில் போட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் சோப்புத் தூள் கரைத்து, கையால் அலசுங்கள். 40 டிகிரிக்கு மேல் சூடு வேண்டாம். மோட்டார், பேட்டரிப் பெட்டி, ஸ்டிக்கர் ஒட்டிய பீஸ் இவற்றைத் தனியே எடுத்து வைத்து ஈரத்துணியால் மட்டும் துடையுங்கள்.

நம் இரண்டு மாவட்டங்களுக்கும் மட்டும் ஒரு குறிப்பு. போர் தண்ணீரில் அலசி அப்படியே காயவிட்டால் உப்புப் படிந்து, கறுப்பு, சிவப்புக் கட்டைகளில் வெள்ளை வெள்ளையாகத் தெரியும். சோப்பு போகும்வரை போர் தண்ணீர் போதும். கடைசி அலசலுக்கு மட்டும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரோ மழைத் தண்ணீரோ எடுத்துக்கொள்ளுங்கள். குழாய் வராத நாளில் குடிதண்ணீரை எடுத்துப் பொம்மை கழுவினால் வீட்டில் என்ன கேட்க வேண்டியிருக்கும் என்பது உங்களுக்கே தெரியும். பழைய டவலில் பரப்பி, ஃபேன் காற்றில் நிழலில் காயவிடுங்கள். மொட்டை மாடி வெயில் வேண்டாம்.

எப்படிப் பிரித்து வைப்பது?

எல்லோரும் முதலில் நிறவாரியாகப் பிரிப்பார்கள். பார்க்க அழகு, தேடும்போது கஷ்டம். சிவப்புக் குவியலுக்குள் சின்னச் சிவப்பு பீஸ் ஒன்றைத் தேடினால் கண்ணுக்குப் படாது. வடிவவாரியாகப் பிரித்தால் ஒரு டப்பாவுக்குள் பல நிறம் இருக்கும், வேண்டிய நிறம் உடனே தெரியும்.

டப்பாவுக்குத் தனியாக எதுவும் வாங்க வேண்டாம். ஹார்டுவேர் கடையில் நட்டு, போல்ட்டு போட்டு வைக்கும் சின்ன இழுப்பறைப் பெட்டி கிடைக்கும், அதுதான் சிறந்தது. மினிஃபிகர் கையில் பிடிக்கும் குட்டிக் குட்டி பீஸ்களுக்கு அஞ்சறைப் பெட்டி அருமை. புதிதாக வாங்குங்கள், சமையலறையில் இருந்து எடுக்காதீர்கள்.

நம்ம ஊரைக் கட்ட முடியுமா?

இந்தக் கேள்விக்காகத்தான் மற்றதெல்லாம். முடியும். அதற்கு முதலில் அளவு.

மினிஃபிகர் உயரம் 4 சென்டிமீட்டர். நம் ஆள் ஒருவரை 168 சென்டிமீட்டர் என்று வைத்தால் 42-இல் ஒரு பங்கு. அப்படியானால் 11 மீட்டர் டவுன் பஸ் 26 சென்டிமீட்டர், 33 குமிழ். இரண்டரை மீட்டர் அகலம் 6 சென்டிமீட்டர், ஏழரைக் குமிழ் வரும், எட்டாக வைத்துக்கொள்ள வேண்டியதுதான். பஸ் ஸ்டாண்டு முழுக்க இந்த அளவில் கட்ட ஆசைப்பட்டால் வீட்டில் கட்டிலை வெளியே போட வேண்டியிருக்கும்.

முதல் வேலையாகக் கல்திட்டை கட்டச் சொல்வேன். மல்லசந்திரத்தில் குன்றின்மேல் நிற்கின்றனவே, பலகைக் கற்களைச் சுற்றி நட்டு மேலே ஒரு பெரிய கல் மூடி வைத்த பெருங்கற்காலச் சின்னங்கள், அவைதான். முன்பலகையில் வட்டத் துளை இருக்கும். சாம்பல் நிறத்தில் சில பிரிக், மேலே ஒரு பெரிய பிளேட், துளைக்கு டெக்னிக் வகை (தண்டு, சக்கரம் பொருத்துவதற்கான லெகோ வரிசை) ஓட்டைப் பிரிக் ஒன்று. இருபது பீஸுக்குள் முடிந்துவிடும். கல்லின் ஒழுங்கில்லாத விளிம்பு வருவதற்கு மூடியை அரைக்குமிழ் தள்ளி வையுங்கள். நடுவில் ஒரே குமிழ் உள்ள பிளேட் ஒன்றை இடையில் போட்டால் அந்த அரைக்குமிழ் நகர்வு கிடைக்கும். இந்தத் தந்திரம் ஒன்றைக் கற்றாலே பாதி வித்தை வந்துவிடும்.

அடுத்தது பரிசல். சதுரக் கட்டையில் வட்டம் எப்படி என்று எல்லோரும் முழிக்கும் இடம். ஒகேனக்கல் பரிசல் ஒன்று இரண்டு மீட்டர் அகலம் என்றால் நம் அளவில் 5 சென்டிமீட்டர், ஆறு குமிழ். 6×6 வட்டத் தட்டு பீஸ் ஒன்று இருக்கிறது, விண்கலங்களில் ஆன்டெனாவாக வரும். அதைக் கவிழ்க்காமல் கிண்ணமாக வைத்தால் பரிசல் தயார். ஆனால் அதில் மூங்கில் பின்னல் தெரியாது. பின்னல் வேண்டும் என்றால் பெரிய அளவில் போங்கள். 1×2 பிரிக்கும் 1×1 உருளைப் பிரிக்கும் மாற்றி மாற்றி வைத்து நீளமான சுவர் எழுப்புங்கள். உருளைகள் இருக்கும் இடத்தில் சுவர் லேசாக வளையும், இரண்டு முனையையும் சேர்த்தால் முழு வட்டம். பழுப்பும் வெளிர்ப் பழுப்பும் கலந்தால் பின்னிய மாதிரியே இருக்கும். தண்ணீருக்கு நீல டைல் பரப்பாதீர்கள், நீச்சல் குளம் மாதிரி தெரியும். காவிரி பொங்கும்போது பழுப்புதான், அதன்மேல் கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும் லெகோ பீஸ்களைத் தூவுங்கள். பாறைக்குச் சரிவுப் பிரிக்குகளை எல்லாத் திசையிலும் திருப்பித் திருப்பி வைக்க வேண்டும். இதுதான் அதிகம் கட்டை தின்னும் வேலை, பொறுமையும் அதிகம் கேட்கும்.

கேஆர்பி அணையை, அதாவது கிருஷ்ணகிரி அணையைக் கேட்பவர்களும் உண்டு. முழு அணையும் வேண்டாம், மதகு பகுதி போதும். கேரேஜ் கதவுக்காக வரும், பக்கவாட்டில் பள்ளம் உள்ள பிரிக்குகளை இரண்டு பக்கமும் தூணாக அடுக்கி, நடுவில் பிளேட்டால் செய்த பலகையைப் பள்ளத்தில் இறக்கினால் ஷட்டர் மேலும் கீழும் ஓடும். மேலே டெக்னிக் சுழல்தண்டு ஒன்றைப் போட்டு நூல் சுற்றிக் கைப்பிடி வைத்தால் திருகியே தூக்கலாம். பலகை பள்ளத்தில் சிக்கிக்கொண்டால் தூண்கள் இணையாக இல்லை என்று அர்த்தம், உச்சியில் குறுக்காக ஒரு நீளப் பிளேட் போட்டுக் கட்டுங்கள்.

மாந்தோப்புக்கு அளவை மாற்றிக்கொள்ளுங்கள். பழைய தோட்டங்களில் மரத்துக்கு மரம் பத்து மீட்டர் விடுவார்கள். இரண்டு குமிழுக்கு ஒரு மரம் என்றால் 16 மில்லிமீட்டருக்குப் பத்து மீட்டர், 625-இல் ஒரு பங்கு. பழுப்பு நிற 1×1 உருளைப் பிளேட், அதன்மேல் பச்சைப் பூ பீஸ், ஒரு மரம் முடிந்தது. 32×32 பலகையில் 256 மரம் நிற்கும். மேலே இருந்து பார்த்தால் மலையிலிருந்து தோப்பைப் பார்ப்பது மாதிரியே வரும்.

நடுகல் ஆசை உள்ளவர்கள் முதலில் தருமபுரி அருங்காட்சியகத்துக்குப் போய் நிஜக் கல்லைப் பாருங்கள். வீரனின் கை எந்த ஆழத்தில் வெட்டியிருக்கிறது, வில் எவ்வளவு புடைத்திருக்கிறது என்று குறித்துக்கொண்டு வந்தால், பிளேட் கணக்கில் அந்த ஆழத்தைக் கொண்டுவரலாம்.

ரயில் ஓடுமா?

ஓடும். வளைந்த தண்டவாளம் 16 துண்டு சேர்ந்தால் ஒரு வட்டம். அதற்கு முக்கால் மீட்டர் அகல மேசை வேண்டும். கிருஷ்ணகிரி டவுனுக்கு இன்னும் ரயில் வரவில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் திருப்பத்தூரிலிருந்து ஒரு சின்னக் குறும்பாதை இருந்து, அதையும் எடுத்துவிட்டார்கள். தேர்தலுக்குத் தேர்தல் வாக்குறுதி மட்டும் வந்து போகிறது. ஆகவே இந்த ஊரில் லெகோ ரயில் வாங்க மற்ற ஊர்க்காரர்களைவிட நமக்கு நியாயம் அதிகம்.

கட்டை வாங்காமலே பழக முடியுமா?

முடியும். ஸ்டுடியோ என்ற மென்பொருளை பிரிக்லிங்க் இலவசமாகத் தருகிறது. கணினியில் கட்டிப் பார்க்கலாம், என்னென்ன பீஸ் எத்தனை வேண்டும் என்று பட்டியலும் எடுக்கலாம். ஒரு எச்சரிக்கை: கணினியில் ஈர்ப்பு விசை கிடையாது. அங்கே அந்தரத்தில் நிற்கும் கோபுரம் கையில் கட்டும்போது சாயும்.

கட்டியது கழலாமல் இருக்க ஒட்டிவிடலாமா?

கூடாது. ஒட்டினால் அது வெறும் பிளாஸ்டிக் பொம்மை. கழலுகிறது என்றால் கட்டு சரியில்லை. கொத்தனார் செங்கல் வைப்பதைப் போல மூட்டுக்கு மேல் மூட்டு வராமல் மாற்றி வையுங்கள், நிற்கும்.

பிரிப்பதற்கு ஆரஞ்சு நிறத்தில் ஒரு பிரிப்பான் வரும், பல பெட்டிகளில் இலவசமாகவே இருக்கும். இரண்டு பிளேட் ஒட்டிக்கொண்டால் பல்லால் கடிக்க வேண்டாம். பல்லுக்கும் கேடு, பிளேட்டின் விளிம்பிலும் தழும்பு விழும். கத்தி வைத்து நெம்புவதும் அப்படித்தான்.

வெயில், தூசி?

நேர் வெயில்தான் முதல் எதிரி. மேற்குப் பார்த்த ஜன்னலில் வைத்தால் வெள்ளையும் நீலமும் சீக்கிரம் மஞ்சளடிக்கும், மற்ற நிறங்களும் மங்கும். பூட்டிய காருக்குள் கட்டியதை வைத்துவிட்டுப் போகாதீர்கள், வளைந்துவிடும். சேலம், பெங்களூரு ரோட்டை ஒட்டி வீடு என்றால் தூசி வாரத்துக்கு ஒரு படலம். பெயின்ட் அடிக்கும் மெல்லிய பிரஷ், கேமரா லென்சுக்குக் காற்றடிக்கும் பம்ப் இரண்டும் போதும். கண்ணாடி ஷோகேஸ் இருந்தால் இன்னும் நல்லது. கல்யாணச் சீராக வந்த கப் அண்ட் சாசரை வேறு இடத்துக்கு மாற்ற மாமியாரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

விருந்தாளி வீட்டுப் பிள்ளை வந்து கை வைத்தால்?

உடையாது, பிரியும். திரும்பக் கட்டலாம். பிள்ளைகளுக்கென்று ஒரு தனி டப்பா போட்டு வையுங்கள், நேராக அதைக் கொண்டுபோய்க் கூடத்தில் கொட்டிவிட்டால் உங்கள் அறைப் பக்கம் வரமாட்டார்கள். மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தை என்றால் மட்டும் விளையாட்டு வேண்டாம், 1×1 பீஸ் தொண்டையில் சிக்கும். அறையைப் பூட்டுங்கள். ‘அண்ணா, இது ஒன்று மட்டும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போகட்டுமா’ என்று சித்தி மகன் கேட்டால் அவர் பையனுக்கு ஒரு மினிஃபிகர் கொடுத்து அனுப்புவது வழக்கம். வில் பிடித்த வீரனைக் கொடுப்பதில்லை.

இதில் காசு பார்க்கலாமா?

பெரும்பாலும் முடியாது. லெகோ ஐடியாஸ் என்ற திட்டத்தில் உங்கள் சொந்த வடிவத்தைப் போடலாம். 10,000 பேர் ஆதரவு கிடைத்தால் கம்பெனி பரிசீலிக்கும். தேர்ந்தெடுத்து விற்பனைக்கு வந்தால் நிகர விற்பனையில் ஒரு சதவீதம் உங்களுக்கு. தேறுவது மிகச் சிலதான். பெட்டியைப் பிரிக்காமல் பத்து வருடம் பீரோவில் வைத்து விற்றால் லாபம் என்பார்கள். வைத்திருப்பவர் வைக்கட்டும், அதைக் கட்டைப் பொழுதுபோக்கு என்று நான் சொல்லமாட்டேன்.

செட் கட்டி முடித்ததும் சில பீஸ் மிஞ்சுகிறதே, தப்பாகக் கட்டிவிட்டேனா?

இல்லை. பைகளில் போடும்போது எடை வைத்துச் சரிபார்க்கிறார்கள். 1×1 டைல், குட்டிப் பூ மாதிரி பீஸ்களுக்கு எடையே தெரியாது என்பதால் ஒன்று கூடுதலாகவே போட்டுவிடுவார்கள். அவற்றை அஞ்சறைப் பெட்டியில் போட்டு வையுங்கள், மாந்தோப்புக்கு ஆகும். ஆனால் மிஞ்சியது 2×4 பிரிக் என்றால் வழிகாட்டிப் புத்தகத்தை நாலு பக்கம் பின்னால் திருப்புங்கள். அங்கே எங்கேயோ ஒரு ஓட்டை இருக்கிறது.